ஒலிவாங்கியை மூட மறந்தவள்

செவ்வாய் இரவு எட்டு மணிக்குப்
பத்தொன்பது சதுரங்களாகக் கூடுவோம்.
ஸோம்பாவில் நான். கரோங்காவில் லுசுங்கு.
சிக்வாவா வெக்கையில் சட்டையைக் கழற்றிவிட்டுக்
கழுத்துக்கு மேலே மட்டும் காட்டும் உலேமு.
சந்திப்பு என்றுதான் பெயர்.
யார் கண்ணும் யார் கண்ணையும் சந்திக்காது.
அவரவர் முகத்தை அவரவர் பார்த்துக்கொண்டிருப்போம்.
எனக்கு முன்வழுக்கை ஏறுவது
தேர்தலுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வேலை இதுதான்:
வாக்குச்சாவடிப் படிவங்களைத் திரையில் விரித்துப்
பழுது பார்ப்பது.
சரிசெய்கிற பழுதுபார்ப்பு இல்லை.
பழுதைப் பார்ப்பது, அவ்வளவே.

ஒரு பள்ளிக்கூடத்தில்
பட்டியலில் இருந்த பேரைவிட
விழுந்த வாக்கு நாற்பது அதிகம்.
ஒரு மாமரத்தடிச் சாவடியில்
ஆறு கட்சி முகவர்களுக்கும் ஒரே கையெழுத்து.
படிவம் முப்பத்தொன்றில்
ஒன்றுக்கு மூக்கு முளைத்து ஏழாகியிருந்தது.
நான் கணக்கு வாத்தியார்.
பிறவி ஏழு ஒரே இழுப்பில் வரும்.
இது இரண்டு மையில் வந்திருந்தது.

அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் கேட்டது.
லுசுங்கு ஒலிவாங்கியை மூட மறந்திருந்தாள்.
அவள் சன்னலுக்கு வெளியே
எண்ணெய் டின்னில் கம்பி கட்டிய பாஞ்சோ,
கூடவே யாரோ
பீர் பாட்டிலை ஒற்றைத் தந்தியில் தேய்க்கிற
அடிவயிற்று உறுமல்.
மூன்றாவது கம்பி மட்டும்
எப்போதும் அரை இழை தாழ்ந்து விழுந்தது.

"யாரது? மூடுங்கள்" என்றார்
லிலோங்வேயிலிருந்து நடத்துநர் கலுவா.
மூடினாள்.
நான் தனிச்செய்தியில் கேட்டேன்: திற.

அந்தப் பையன் பெயர் சிமாங்கோ.
மினிபஸ் நிற்குமிடத்தில் ரீசார்ஜ் அட்டை விற்கிறான்.
ஒரு பாட்டுக்கூட எங்கும் பதிவானதில்லை.
மூன்றாவது கம்பி கெட்டுவிட்டதா என்று
எனக்காகப் போய்க் கேட்டாள் லுசுங்கு.
"கெடவில்லை, அதை அப்படித்தான் முறுக்கியிருக்கிறேன்.
வாத்தியாருக்குக் காது சரியில்லை" என்றானாம்.

கூட்டப் பதிவு என்னிடம் இருக்கிறது.
முதல் நாள் அந்தக் கம்பி பல்லில் மண்ணாகக் கடித்தது.
ஐந்தாம் தடவை
அது விழும் இடத்துக்காகக் காத்திருந்தேன்.
இப்போது சுதி சேர்ந்த வாத்தியம் கேட்டால்
ஏதோ குறைகிறது.

காது பழகிக்கொள்கிறது.
அதுதான் பயமாக இருக்கிறது.

முதல் படிவத்தில் கத்தினோம்.
பத்தாவதில் குறித்துக்கொண்டோம்.
முப்பதைத் தாண்டியதும் உலேமு கொட்டாவி விட்டான்,
"ம், அடுத்தது" என்று நானே சொன்னேன்.
கம்பியை முறுக்கியவன்
முறுக்கினேன் என்று சொல்கிறான்.
ஏழுக்கு மூக்கு வைத்தவனை
இன்றுவரை எந்தச் சதுரத்திலும் காணோம்.

ஆணையத்தோடு ஒருநாள் கூட்டம் வாய்த்தது.
நுழைந்ததுமே எங்கள் ஒலியை அவர்களே மூடிவிட்டார்கள்.
குறைகள் சிறியவை, முடிவை மாற்றாதவை,
உழைப்புக்கு நன்றி என்றார்கள்.
லுசுங்கு ஒரு தாளில் 31 என்று எழுதிக்
கேமராவுக்கு நேரே பிடித்தாள்.
கை நடுங்காமல் பதினொரு நிமிடம் பிடித்தாள்.
பிறகு கரோங்காவில் மின்சாரம் போனது,
அல்லது போனதாகச் சொன்னார்கள்.

சிமாங்கோவை ஒழுங்காகப் பதிவு செய்ய
விடுமுறையில் வடக்கே போகவேண்டும்.
பஸ் கட்டணம் ஏறிக்கிடக்கிறது.
அதுவரை என்னிடம் இருப்பது ஒன்றே கால் நிமிடம்.
கம்பி தாழ்ந்து விழ,
மேலே என் குரல்
படிவம் முப்பத்தொன்று, படிவம் முப்பத்தொன்று என்று
யாரும் கேட்காத பல்லவியாகத் திரும்பத் திரும்ப வர,
கடைசியில் கலுவா: "யாரது?"

என்வரைக்கும்
அந்தப் பாட்டு அப்படித்தான் முடிகிறது.