எண்ணூற்று நாற்பது பற்கள்

என் பழைய சிவப்பு மாஸ்டாவுக்கு
ஒன்பதாயிரம் தருவதாகச் சொன்னான் ஷிகா.
அவன் காட்டிய போர்ஷே
அறுபத்து மூவாயிரத்து அறுநூறு யூரோ.
மீதிக் கணக்கை
பட்டறைச் சீட்டின் பின்புறத்தில் போட்டேன்.
ஒரு பல் செய்தால், செலவு போக,
அறுபத்தைந்து நிற்கும் எனக்கு.
ஆக எண்ணூற்று நாற்பது பற்கள்.
கிரான் நகரத்தில் இருபத்தாறு பேர்
ஒரே காலையில் பொக்கைவாயாக வந்து நின்றாலும்
இன்னும் எட்டுப் பல் துண்டு விழும்.

சிரில் பேருந்துப் பணிமனையில் டயர் மாட்டுகிறவர்.
சீட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
"ஆனையை வாங்கிக்கொள், ப்ரேடா.
அங்குசத்துக்கு என்னிடம் வராதே."
ஆப்பிள் தோலை முழுச் சுருளாகச் சீவி முடித்தபின்
மெல்லக் கேட்டார்:
"கூரை திறக்குமா அதில்?"

சனிக்கிழமை. மழை விட்டிருந்தது.
பக்கத்து இருக்கையில் ஷிகா, வாசனைத் தைலத்தோடு.
விர்ஷிச் கணவாய்க்கு ஏறும் வழியில்
வளைவுகள் இருபத்து நான்கு,
வளைவுதோறும் கல் பாவிய தரை,
ஓரத்தில் எண் தாங்கிய பலகை.
முப்பது வருடமாக
வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஏறுகிற பாதை.

ஆறாயிரம் சுற்றில் அது வாயைத் திறந்தபோது
என் பிடரி மயிர் எழுந்து நின்றது.
பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.
ஐம்பத்தெட்டு வயதில்
அங்கே அவ்வளவு மயிர் மிச்சமிருப்பதே
அன்றுதான் எனக்குத் தெரியும்.

எட்டில் ருஷ்யத் தேவாலயம்
ஒரு பழுப்புக் கோடாகப் போயிற்று.
உச்சியில் நிறுத்தி இறங்கினேன்.
கால் நடுங்கியது, சந்தோஷத்தில்.
எண்ணிப் பார்த்தால் இருபத்து மூன்று.
மறுபடி எண்ணினேன்.
பதினேழைக் காணோம்.

ஷிகா சிரித்தான்.
"அதுதான் இந்த வண்டி.
வளைவு வந்ததே தெரியாது உங்களுக்கு."

வளைவுக்காகத்தானே ஐயா நான் வருகிறேன்?

அன்று சாயங்காலமே
மாஸ்டாவை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன்.
இரண்டாம் கியர் வழக்கம்போல் முனகியது.
இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம்
கூரைத் தையலிலிருந்து ஒரு சொட்டு
சரியாக முழங்காலில்.
கல்லையும் கல்லின் இடுக்கையும்
இடுக்கில் நின்ற ஈரத்தையும்
ஸ்டியரிங் என் மணிக்கட்டில் சொல்லிக்கொண்டே வந்தது.
அரை மில்லிமீட்டர் உயரம் என்றாலும்
கையால் கண்டுபிடித்துவிடுகிறவள் நான்.
இந்தப் பேச்சு புரியும் எனக்கு.

பதினேழு அங்கேயேதான் இருந்தது.
பலகைக்குக் கீழே, ஈரம் காயாத கல்லில்,
ஓர் ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.
ஹாரன் அடித்தேன்.
என்னைவிட அதிகப் பற்கள் உள்ளதுபோல்
மெதுவாக மென்றது.
எழுந்து வழிவிட அதற்கு நான்கு நிமிடம்.

இத்தோடு முடிந்திருக்கலாம்.
வீட்டுக்கு வந்து சீட்டைக் கிழித்திருக்கலாம்.
ஆனால் பதினேழு தாண்டிய நேர்ச்சாலையில்
பெடலை அழுத்தினேன், அழுத்திவிட்டு
காத்திருந்தேன்.
ஒன்று, இரண்டு, பிறகுதான் வேகம் வந்தது.
இதற்கு முன்னால் அந்த இடத்தில்
காத்திருந்ததாக எனக்கு நினைவில்லை.
ஒரு காலை நேரத்தில்
அந்த வண்டி இந்த வண்டிக்குள்
இரண்டு நொடியை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.
எந்த மெக்கானிக் எடுப்பான் அதை?

இன்று திங்கள்.
ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் கீழ்த்தாடைக்கு
சாந்து குழைத்து ஊற்றியாயிற்று.
மேசையில் ஷிகாவின் பெயர்
துடித்துத் துடித்து நகர்ந்து
அரக்கிளியின் மேல் முட்டி நிற்கிறது.
கை முழுக்க வெள்ளை.
இறுகுவதற்கு நாற்பது நிமிடம் வேண்டும்.
முன்னதாகத் தொட்டால்
கடி பிசகிவிடும்.