பதினாலாம் அறைத் திறப்பு

நீச்சல் குளத்துக்குக் குழி வெட்டினோம்
கடலிலிருந்து நூறு முழம் தள்ளி.
"கடல் கிடக்க இதென்னத்துக்கு?" என்றான் கிருபைராசா.
கொந்தராத்துக்காரர் சிரித்தார்.
நாட்கூலி இரண்டாயிரம். வெட்டினோம்.

நாலடியில் மண்வெட்டி கணீரென்றது.
இளநீல மாபிள் ஒரு மூலை,
தண்ணீர் போகும் ஓட்டை,
ஓட்டைக்குள் தாழை வேர்.
பக்கத்தில் பித்தளைத் தகட்டோடு ஒரு திறப்பு.
எச்சில் தொட்டுத் துடைத்தேன்:
14.

இரவு ரயிலில் வந்து
விடியக் கல்குடாவில் இறங்குவார்களாம் அப்போது.
பதினாலில் ஒரு நோர்வேக்காரி
மூன்று மாதம் தங்கி நண்டு மட்டும் வரைந்தாளாம்,
எந்த நண்டுக்கும் கண் வைக்காமல்.
தேநீர் கொண்டுபோன சாம்பசிவம் கேட்டதற்கு
"அது என்னைப் பார்க்கக் கூடாது" என்றாளாம்.

எழுபத்தெட்டில் சூறாவளி கூரையைக் கொண்டுபோனது.
மறுகா வந்தவர்கள் கதவு நிலைகளை,
அதுக்கும் மறுகா வந்தவர்கள்
சுவரில் குறி பார்த்துப் பழகினார்கள்.
சுவரும் ஒரு மார்கழி ஞாயிறு வரைக்கும்தான்.

அன்று கடல் உள்வாங்கிய மணலில்
மீன் பொறுக்க ஓடினாள் நிறோஜினி.
வாளி தாழைக்குள் கிடைத்தது.

இப்போது எனக்கு நீலச் சீருடை, கழுத்தில் விசில்.
விருந்தாளிக்குச் சொல்ல ஒரு வசனம்,
மனேஜர் எழுதித் தந்தது,
ருசிய மொழியிலும் பாடம்:
எவ்வளவு தூரம் நடந்தாலும்
இந்தக் கடல் நெஞ்சுக்கு மேல் ஏறாது.
சொல்கிறேன்.
சொல்லிவிட்டு மற்றப் பக்கம் பார்க்கிறேன்.

திறப்பு வரவேற்பறையில் இருக்கிறது,
கண்ணாடிக்குள், சிவப்புப் பட்டின் மேல்.
அறைகள் நூற்றியொன்றில் தொடங்குகின்றன.
அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும்.

"குளம் எவ்வளவு ஆழம்?" என்றது ஒரு பிள்ளை.
ஐந்தரை அடி.
"கடலை விடவா?"
ஓம்.
பிள்ளை கடலுக்கு ஓடிற்று,
நான் விசிலை வாயில் வைத்தேன், ஊதவில்லை.
முட்டளவுத் தண்ணீர்தான்.
ஆனாலும் அது திரும்பி வரும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.

நேற்றிரவு குளத்து விளக்கடியில் ஒரு நண்டு,
குளோரினில் கிறங்கி,
பதினாலின் மாபிளுக்கு நேர் மேலே.
வலைக்கரண்டியால் அள்ளினேன்.
புதிய வேலிக்கு வாசல் இல்லை,
சுற்றித்தான் போகவேண்டும்.
இருட்டில் நூறு முழம்
முந்நூறு முழமாயிற்று.

காம்பில் நிமிர்ந்த இரண்டு கண்ணும்
வழி முழுக்க என்னையே பார்த்தன.