பதினோரு டப்பா

சால்னா கட்டித்தரும் அதே மூடி டப்பாக்கள்.
மஞ்சப்பையில் முடிச்சுப் போட்டு
மேசைமேல் வைத்துவிட்டு
கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார் தவசுமணி.
"எல்லாப் பயலுக்கும் சேத்து ஒரே சர்டிபிகேட்டாக் குடுத்தா
லைசென்ஸப் புதுப்பிச்சிருவேன்மா."
ஆளுக்கொன்றுதான் என்றேன்.
"சரி. அப்ப பதினொண்ணு."

யானைக்கல்லில் இரவு இரண்டு மணிவரை எரியும் கடை.
பரோட்டாவுக்கு மூவர், தோசைக்கல்லுக்கு ஒருவர்,
வெங்காயம் அரிய, இலை போட, மேசை துடைக்க.
மூடிகளில் பதினோரு பெயர், ஒரே கையெழுத்து.
எண்ணெய் பட்ட இடத்தில் பேனா எழுதவில்லை.

முதல் ஸ்லைடு. ஒரு சொட்டு உப்புநீர்.
உருளைப்புழு முட்டை, பழுப்பாக, கரடுமுரடான ஓட்டோடு.
இன்னொரு சொட்டில் அயோடின்:
ஜியார்டியா, சின்னச் சின்ன மஞ்சள் முகங்கள்.
ஓரத்தில் செரிக்காத மிளகாய்த் தோல்.
எழுதிக்கொண்டேன்.
இரண்டாவது: முட்டை, ஜியார்டியா, மிளகாய்த் தோல்.
மூன்றாவது.
ஐந்தாவதில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.
பதினொன்றும் ஒரே வயிறு.

யாருடையது என்று பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டாம்.
வியாழன்தோறும் அங்கேதான் சாப்பிடுகிறேன்.
மேசை துடைக்கிற ஒச்சுக்காளை, உசிலம்பட்டிப் பக்கம்.
சீட்டில் வயது பதினெட்டு;
மீசை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.
மற்றவர்கள் கூச்சப்பட்டிருப்பார்கள்,
இல்லை, மாவு பிசைய நேரமாகியிருக்கும்.
"டேய் ஒச்சு, நீயே போயிட்டு வாடா."
எச்சில் இலையை எடுக்கச் சொன்னால் எடுப்பதுபோல
போயிருப்பான்.

கடைக்குப் பின்னால் கக்கூஸ் உண்டு. பூட்டும் உண்டு.
சாவி கல்லாப்பெட்டியில், சாப்பிட வருகிறவர்களுக்கு.
பையன்களுக்குப் பாலத்தடி கட்டணக் கழிப்பறை:
பத்து ரூபாய், காதுடைந்த குவளை,
சோப்பு கேட்டால் சிரிக்கிற வசூல்காரர்.
வைகையில் இறங்கினால் காசில்லை.
தண்ணீரும் இல்லை.

ஒன்றில் மட்டும் 'உண்டு' என்று எழுதினால்
அவனை ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்.
காலையில் வேறொரு வயிறு வரும், மேசை துடைக்க.
மீதிப் பத்தில் 'இல்லை' என்று எழுத
அந்தப் பத்துப் பேரை நான் பார்க்கவே இல்லையே.
பதினொன்றிலும் எழுதினேன்: உண்டு.
டப்பாவில் இருந்ததைத்தான் எழுதினேன்.

ஓடிவந்தார்.
"அதெப்படிம்மா, ஒருத்தன் விடாம?"
"நீங்க குடுத்ததத்தானே அண்ணாச்சி பாத்தேன்."
வாயைத் திறந்தார். மூடினார்.
சுவரில் மின்விசிறி மட்டும்
இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தது.
டாக்டர் பதினோரு பேருக்கும் மாத்திரை எழுதினார்.
சாவியை ஆணியில் மாட்டுங்கள் என்றார்,
சோப்பு வையுங்கள் என்றார்,
மூன்று வாரம் கழித்து
ஆளை அனுப்புங்கள், டப்பாவை அல்ல, என்றார்.

வியாழன். போனேன்.
குழாயடியில் சணல் கயிறு, கயிற்று நுனியில் பச்சை சோப்பு,
ஓடிவிடும் ஆட்டைக் கட்டிப்போட்டதுபோல.
சாவி ஆணியில் இல்லை. ஆணி இருந்தது.
"மாத்திர கசக்குதுக்கா" என்றான் ஒச்சு,
துணியைப் பிழிந்தபடி. அதே துணி.
இரண்டு பரோட்டா, பிய்த்துப்போட்டு, சால்னா ஊற்றி.
ஆறு வருடமாக இதே மேசை.

கிளம்பும்போது ஒரு மூடி டப்பா கேட்டேன்.
"சட்னியாக்கா?"
"இல்லடா. காலியா."