கறவை வற்றிய வைகாசி

அண்ணனைக் கேட்டால் பொய் சொல்வான்.
"நல்லாத்தான் இருக்கறன் அம்முணி, வெய்யி."
அதோடு சரி.
அதனால் பாலைக் கேட்டேன்.

காலை ஆறே முக்காலுக்குச்
சங்கத்துக்குப் போன் போட்டால்
தெய்வசிகாமணி எடுப்பார்.
"சாமியப்பன் ஊத்தீட்டாருங்களா?"
"ஊத்தீட்டாருங்க. மூணு லிட்டரு நானூறு."
அடுத்த வாரம் மூணு.
அதற்கடுத்து ரெண்டரை.
அரை லிட்டர் குறைந்தால் எனக்கு அன்று
வேலை ஓடாது,
வேலையே இல்லாத நாட்களிலும்.

கம்பெனி சாத்தி இருபது நாள்.
கடைசியாக நாங்கள் அடித்தது வெள்ளை முழு உடுப்பு,
தலை முதல் பாதம் வரை.
அளவு பார்க்க ஒன்றை மாட்டிப் பார்த்தேன்.
மூச்சு முட்டிக் கழற்றிவிட்டேன்.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே
கிளுவை வேலிகளுக்கு நடுவே
ஒற்றை ஓட்டு வீடு.
பக்கத்து வீடு என்று ஒன்றைச் சொல்ல
மூன்று காடு தாண்ட வேண்டும்.
பெண் அமையாத ஐம்பத்திரண்டு வயது.
சர்க்கரை, ஏழு வருடமாய்.
ஜாதகக் கட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது
ரேஷன் கார்டுக்கு அடியில்.
"நமக்கெல்லாம் அது வராது அம்முணி,
பத்து நாளா மனுசன் மொகத்தையே பாக்குல"
என்று சிரிக்கிறான்.
எனக்குப் பயமே அதுதான் என்று
எப்படிச் சொல்ல.

இங்கே பள்ளிக்கூட வாசலில்
ராத்திரி இரண்டு மணிக்கே வரிசை.
செங்கல், தண்ணீர் பாட்டில்,
மஞ்சப்பை, ஒரு ஒற்றைச் செருப்பு.
ஆட்கள் எதிர்க்கடைப் படியில் தள்ளித் தள்ளி.
ஏழு மணிக்கு ஒருவர் வந்து
கேட்டில் அட்டையைக் கட்டினார்:
தடுப்பூசி கையிருப்பு இல்லை.
அதே அட்டை.
நேற்றைய தேதியை மட்டும் அடித்து
மேலே எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமை தெய்வசிகாமணி சொன்னார்,
"இன்னைக்கு வரலீங்களே."
சனிக்கிழமையும் வரலீங்க.
பதினோராவது மணிக்குப் போனை எடுத்தவன்
"மாடு ஏழு மாசச் சென, கறவைய நிறுத்தீட்டன்,
அதுக்கென்ன இப்ப?" என்றான்.
அதுக்கென்ன.
பனியன் துண்டு மூட்டைமேல்
உட்கார்ந்து அழுதேன்.

பிறகுதான் ஊசிக்கு அவன் பேரைப் பதியப் போனேன்.
அவன் போனுக்கு ஆறு எண் வரும்.
நூற்றெண்பது விநாடி.
பொத்தான் போன்காரன்
என் அழைப்பைத் துண்டித்து,
கண்ணாடி தேடி, மெசேஜைத் திறந்து,
கட்டுத்தறிச் சுவரில் கரியால் எழுதி,
திரும்பக் கூப்பிட்டு வாசிப்பான்:
நாலு ஒண்ணு சைபரு ஒம்பது ஒம்பது ரெண்டு.
நேரம் முடிந்திருக்கும்.
முடியாத நாளில்
வெள்ளகோவில், முத்தூர், காங்கயம்
எல்லாம் சிவப்பாகக் கிடக்கும்.
ஆனால் அந்த ஆறையும்
ஒரே மூச்சில் சொல்லியிருந்தான்.
ஒம்பதுக்கும் ஒம்பதுக்கும் நடுவில்
இருமல் இல்லை, இழுப்பு இல்லை.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம்
பொத்தானை அழுத்தினேன்.
எந்த ஊரில் ஊசி இருக்கிறது என்று
திரையைப் பார்க்கக்கூட இல்லை.
"இன்னைக்காச்சும் கெடச்சுதா?"
"இல்லீண்ணா, நாளைக்கும் வரும், எழுதி வெய்யி."
"செவுரு தீந்துபோகும் போல."

நேற்று எனக்கு உடம்பு கதகதவென்று இருந்தது.
மாத்திரை போட்டுப் படுத்தவள்
எட்டரைக்கு மணி கேட்டு எழுந்தேன்.
அவனாகக் கூப்பிடுகிறவனே இல்லை.
"என்ன அம்முணி, நம்பரே வரல?"
"தூங்கீட்டண்ணா."
"ம்."

இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
மாடு கழுத்தை ஆட்டும் சத்தம் மட்டும்.

"எங்க, ஒண்ணுலருந்து பத்து வரைக்கும்
சொல்லு பாக்கலாம்" என்றான்.

சொன்னேன்.
ஏழில் வந்தது.
அதை மென்று விழுங்கிவிட்டு
எட்டு என்றேன்.