அஞ்சில ரெண்டு

திறன்பலகை வந்து மூன்று ஆண்டு.
கனடாவில் இருக்கும் பழைய மாணவர் யாரோ தந்தது,
ஓரத்தில் பொன்னெழுத்தில் பெயர்.
ரிமோட் இருக்கிறது.
அதன் இரண்டு பற்றறிகளும்
அதிபர் அறைச் சுவர்க்கடிகாரத்தில் ஓடுகின்றன.

நான் இன்னும் ஆசிரியை இல்லை.
ஆசிரிய பயிலுநர் என்கிறது கழுத்து மட்டை.
மாங்குளத்தில் பஸ் மாறித்
துணுக்காய் தாண்டி இறங்கும்போது
சேலைக்கரையில் செம்மண் ஏறியிருக்கும்.
தரம் ஏழு. கணிதம். பின்னங்கள்.
பத்துக் கிழமை.

முதற் கிழமை
செயற்கை நுண்ணறிவிடம் பாடக்குறிப்புக் கேட்டேன்.
ஒரு மூச்சில் தந்தது,
பிழையே இல்லாத, அயன் பண்ணின தமிழ்.
'மாணவர்களை அருகிலுள்ள பீட்சாக் கடைக்கு
அழைத்துச் செல்லுங்கள்.'
அருகிலுள்ளது சங்கக்கடை,
அதுவும் செவ்வாயில் பூட்டு.
பீட்சாவை அழித்துப் பலாப்பழம் என்று எழுதினேன்.
சுளை சிறிதும் பெரிதுமாய் இருந்தால்
எட்டில் ஒன்று எது, ரீச்சர்? என்றார்கள் பிள்ளைகள்.
அதை நான் நுண்ணறிவிடம் போய்க் கேட்கவில்லை.
வெட்கம்.

இரவிரவாக இருபத்திரண்டு ஸ்லைட் செய்தேன்.
வட்டங்கள் சுழலும், பிளக்கும், நிறம் மாறும்.
விரிவுரையாளர் மேற்பார்வைக்கு வந்த அன்று
ஏழாவது ஸ்லைட்டில் கரண்ட் போனது.
ஒரு முழு வட்டம் பாதியாகிக்கொண்டிருந்த தருணம்.
அது பாதியானதா இல்லையா என்று
இன்றுவரை யாருக்கும் தெரியாது.
தொழினுட்பப் பயன்பாடு: பத்துக்கு நான்கு, என்று எழுதினார்.
அடுத்த வரியில்:
பின்வரிசையில் ஒரு மாணவன் நித்திரை.

நிலுக்சன்.
மேசையில் கன்னம் ஒட்டி, வாய் சற்றுத் திறந்து,
முதல் மணியிலிருந்தே தூங்குவான்.
என் பதிவிலும் அவனுக்கு எதிரே
'கவனக்குறைவு' என்றுதான் இருந்தது.
அடியில் ஒரு கோடு. இன்னொரு நாள், இன்னொரு கோடு.

வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு உண்டு.
முப்பத்தொரு பிள்ளை, பதினான்கு போன்,
ஒன்று ரக்டர் ஓட்டுகிற சித்தப்பாவினுடையது.
அன்றிரவு கணக்கொன்று போட்டேன்:
ஒரு வயலின் ஐந்தில் இரண்டு பங்கு வெள்ளத்தில் அழிந்தது.
மீதியில் மூன்றில் ஒரு பங்கு குத்தகைக்கு.
எஞ்சியது எவ்வளவு?

பதினொன்று நாற்பதுக்கு ஒரு குரல் வந்தது.
முதலில் காற்று. பிறகு தவளை.
பிறகு, எங்கோ ஒரு வெடி.
எழும்பி உட்கார்ந்துவிட்டேன்.
ஏழு வயதில் கேட்ட காதல்லவா.

'ரீச்சர், அது யானைவெடி, பயப்பிடாதேங்கோ.
பரண்ல நிக்கிறன், இஞ்சதான் சிக்னல் வரும்.
வெள்ளம் இல்லை ரீச்சர், யானையெண்டு வைப்பம்.
அஞ்சில ரெண்டு யானை திண்டா
மிச்சம் அஞ்சில மூண்டு.
அதில மூண்டில ஒண்டு காணிக்காரருக்கு,
அது அஞ்சில ஒண்டு.
எங்களுக்கு அஞ்சில ரெண்டு.
யானைக்கும் எங்களுக்கும் சரிசமன்.
அப்பா சிரிக்கிறார்.'

உண்மையாகவே ஒருவர் சிரிப்பது கேட்டது.
நாற்பத்தொரு விநாடி.
மூன்று தரம் போட்டுக் கேட்டேன்.

கல்லூரிக்கு ஒரு கட்டுரை கொடுக்கவேண்டும்:
வகுப்பறைக் கற்றலில் தொழினுட்பம், ஆயிரம் சொல்.
முதல் வசனத்திலேயே நிற்கிறேன்.
போன் இல்லாவிட்டால்
இந்தக் குரல் எனக்கு இல்லை.
ஆனால் யானைவேலி வராத ஊருக்குச்
சிக்னல் மட்டும் வந்திருக்கிறது,
அதுவும் மரத்தில் ஏறினால்.
இரண்டையும் ஒரே வசனத்தில் எழுத
எனக்கு இன்னும் வரவில்லை.

அவனுக்குப் பதில் பேசி, அழித்து,
திரும்பப் பேசி, அழித்து,
கடைசியில் 'சரி' என்று மட்டும் போட்டேன்.
ஒற்றைக் குறி.
மற்றது விழவில்லை.
இறங்கியிருப்பான். அல்லது பற்றறி.

'கவனக்குறைவு' பேனையால் எழுதியது.
அழிறப்பர் போட்டேன், தாள்தான் கிழிந்தது.

அடுத்த மேற்பார்வையன்று கரண்ட் இருந்தது,
வட்டம் ஒழுங்காகப் பாதியானது.
விரிவுரையாளர் குனிந்து கேட்டார்:
பின்னுக்குப் படுக்கிறது ஆர்?
வீட்டுவேலை செய்துபோட்டு வந்தவன், சேர், என்றேன்,
மெதுவாக,
எழும்பிவிடுவான் என்று.