இன்னும் இல்லை

பயிற்சி மூன்று நாள், ஈஸ்ட் லண்டன் ஓட்டலில்.
நாலாம் நாள் பேருந்தில் திரும்பும்போது
மடியில் ஒரு தடித்த கோப்பு,
அதற்குள் அறுபத்தாறு விளைவுகள்.
பாடம் எங்கே தொடங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை.
எங்கே போய் முடியவேண்டுமோ
அங்கிருந்து பின்னோக்கி நடக்கச் சொன்னார்கள்.

என் வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர்.
குழுக்களாக உட்காரவையுங்கள், என்றது கோப்பு,
பழைய பத்திரிகைகளைக் கத்தரித்து ஒட்டட்டும்.
எலியட்டுக்கு மேலே இந்த மலைச்சரிவில்
பத்திரிகை வருவது
கடைக்காரர் மெழுகுவர்த்தி சுற்றித் தரும்போது மட்டும்.
கத்தரிக்கோல் ஒன்று உண்டு.
செம்மறிக்கு மயிர் கத்தரிப்பது.

முன்பு எப்படி இருந்தது?
சீமைமாதுளைக் குச்சி.
பார்த்தேயிராத ஐரோப்பிய நதிகள் ஒன்பது,
வரிசை தப்பினால் விரல்முட்டியில் ஒன்று.
ரைன், ரோன், டான்யூப்...
இன்றைக்கும் நடுராத்திரி எழுப்பினால் சொல்வேன்.
எங்கள் ஓடையின் பெயர் எந்தத் தேர்விலும் வரவில்லை.
ஏன் என்று கேட்ட பபால்வா
அந்த வருஷத்தோடு நின்றுவிட்டாள்.

ஆகவே குச்சியை அடுப்பில் வைத்தபோது
எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் வாய்ப்பாடு?
ஒப்பிக்கக் கூடாதாம், கண்டடைய வேண்டுமாம்.
ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை
ஒரு பிள்ளை எத்தனை தரம் கண்டடையும்?
கதவைச் சாத்திக்கொண்டோம்.
ஜன்னலில் ஒருத்தியை நிறுத்தினேன்,
ஆய்வாளரின் வெள்ளை வண்டி வளைவில் தெரிந்தால் இருமுவதற்கு.
திருட்டுச் சாராயம் காய்ச்சுவதுபோல்
ஐம்பத்தோரு வாய்
தாழ்ந்த குரலில்
பதினேழாம் வாய்ப்பாடு.

லுவாண்டிலேயின் அப்பா மே மாதம்
கார்ல்டன்வில் தங்கச் சுரங்கத்திலிருந்து வந்தார்.
ஆள்குறைப்பு. ஒரு தகரப் பெட்டி. ஒரு சீட்டு.
பாக்கிக் கூலி பதினேழு ஷிஃப்ட்,
ஷிஃப்டுக்கு நாற்பத்துமூன்று ராண்ட்.
கையில் கொடுத்தது அறுநூற்றுப் பதின்மூன்று.
பையன் சீட்டை வகுப்புக்கே எடுத்து வந்துவிட்டான்.
உதடு மட்டும் அசைந்தது.
“எழுநூற்று முப்பத்தொன்று வரணும், மிஸ்.
நூற்றுப் பதினெட்டு எங்கே?”

எவ்வளவு என்று கேட்டுப் பழகிய அறை அது.
எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

நான் சொல்லாமலே குழுக்களாக உட்கார்ந்தார்கள்.
தலைவிளக்குக்குப் பிடித்திருப்பார்கள் என்றது ஒரு குழு.
பூட்ஸுக்கு என்றது இன்னொன்று.
செத்துப்போன சித்தப்பாவின் சீட்டும்
இப்படித்தான் இருந்தது என்றாள் ஒருத்தி.
பின்வரிசை கடிதம் எழுதியது.
எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன்,
கோபத்தைத் தொடவில்லை.

ஜூலையில் பதில் இல்லை.
ஆகஸ்டிலும்.

பருவ முடிவில் படிவம் நிரப்பவேண்டும்.
இப்போது தோல்வி என்று கிடையாது.
‘எட்டினார்’, அல்லது ‘இன்னும் இல்லை’.
அந்த ‘இன்னும்’ எனக்குப் பிடித்திருந்தது.
விரல்முட்டி வீங்கிய காலத்தில்
அப்படியொரு சொல்லை எனக்கு யாரும் தந்ததில்லை.
லுவாண்டிலேவுக்கு ‘எட்டினார்’ போட்டேன்,
அறுபத்தாறில் எதன்கீழ் என்று தெரியாமல்
மூன்றின்கீழ்.
கடைசிப் பெயருக்கும் கீழே, பென்சிலால்,
சுரங்கக் கம்பெனியின் பெயர்.
எதிரே: இன்னும் இல்லை.

தலைமையாசிரியர் டுலோவா பார்த்தார். சிரிக்கவில்லை.
பள்ளிக்கூடத்தின் ஒரே ரப்பரை எடுத்து
நிதானமாக அழித்தார்.
தூளை ஊதினார்.
ஜன்னல் பக்கம் தாளைச் சாய்த்தபோது
எழுத்து அப்படியே பள்ளமாய்த் தெரிந்தது.

அவரும் பார்த்தார்.
வேறு படிவம் இல்லை என்றார்.
அதையே அனுப்பினோம்.