பூட்டை வைத்திருப்பவன்

மூன்றாம் ஷிப்டில் பேச ஆள் கிடையாது.
ராஜாஜி சாலையில் நாலாவது மாடி,
மீன் ஐஸ்பெட்டி மாதிரி ஒரு அறை,
சால்வைக்குள் நான்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
கறுப்பு பீரோ போல மெயின்ஃப்ரேம்.

"அதெல்லாம் இன்னுமா ஓடுது?" என்கிறார்
தண்டையார்பேட்டை வீட்டு ஓனர்.
மாசக் கடைசி ராத்திரி
அவர் பென்ஷன் நடந்துபோவது
அதன் வயிற்றுக்குள்தான்.
சொல்லவில்லை. வாடகை ஏற்றிவிடுவார்.

உள்ளே ஒருவன் இருக்கிறான், டிஸ்பேட்சர்.
முகம் கிடையாது. மேலிருந்து வரிசையைப் பார்ப்பான்.
தயாரா? ஏறு.
டிஸ்கிலிருந்து ஏதோ வரணுமா?
ஓரமாக நில், வந்ததும் பார்க்கலாம்.
ஏறியவனும் உட்கார்ந்துவிட முடியாது.
மேலே இருப்பவன் கண் விழித்தால்
பாதி வாக்கியத்தில் இறங்க வேண்டும்.
இறங்கும்போது
எந்த வரியில் விட்டாய், கையில் என்னென்ன எண்கள்,
அத்தனையும் எழுதி வாங்கிக்கொள்வான்,
மறுபடி ஏற்றும்போது
அப்படியே கையில் கொடுப்பான்.
நடுவில் நேரம் போனதே
அந்த வேலைக்குத் தெரியாது.

இதில் மட்டும் எனக்குப் பொறாமை.
பஸ்ஸில் நான் தூங்கி எழுந்தால்
விட்ட இடத்தில் இருப்பதில்லை,
சுங்கச்சாவடியில் இருக்கிறேன்.

நேற்று இரண்டு நாற்பதுக்கு
சம்பளப் பட்டுவாடா நின்றுவிட்டது.
முதல் வகுப்பு வேலை, ப்ராசஸர் காலி,
ஆனாலும் நகரவில்லை.
தேடிப் பார்த்தால்
அது கேட்கும் கோப்பைப் பூட்டி வைத்திருப்பது
ஆடிட் ஏழு.
யாரும் படிக்காத ஒரு ரிப்போர்ட்.
'மிச்சம் இருந்தால் ஓடலாம்' என்கிற கடைசி வகுப்பு.
மிச்சம் வந்தபோதெல்லாம்
நடுவில் இருக்கிற நூறு பேர் தின்றுவிட்டார்கள்.
பூட்டியவனுக்கு ஓட முறை வரவில்லை,
ஓடாமல் திறக்க வழியில்லை.

கேன்சல் என்று அடித்துவிட்டேன்,
என்டர் தட்டவில்லை.
அதற்குள் திரையில் அதன் எண் ஏறியது.
நான் ஏற்றவில்லை. சிஸ்டமே
கடைசியில் கிடந்ததைத் தூக்கி
முன்னால் வைத்தது.
ஓடியது. கோப்பை விட்டது.
விட்ட அந்த நொடியே
பழைய எண்.
சம்பளம் போயிற்று. ஆடிட் ஏழு
மறுபடி ஓரத்தில்.

காலையில் பஸ் இறங்கினால்
எக்ஸ்பிரஸ் ரோடு முழுக்க கன்டெய்னர் லாரி,
காசிமேடு தாண்டி ஹார்பர் வரைக்கும்.
எங்கள் தெரு வாயை அடைத்து ஒன்று.
அதற்குப் பின்னால் மெட்ரோ வாட்டர் வண்டி,
தெருவுக்குள்ளே நூறு குடம்.

"யோவ், எந்திரிய்யா!"
கதவைத் தட்டினார்கள்,
சங்ககிரி வண்டி, டிரைவர் பேர் செங்கோடன்.
மூன்று நாள் தூக்கத்தை முகத்திலிருந்து வழித்தான்.
டிராஃபிக் கான்ஸ்டபிள் ஹேமநாதன்
முன்னால் நின்ற ஏழு டிரெய்லரை
விசில் ஊதியே ஓரம் கட்ட,
ஊரே கையசைக்க,
செங்கோடன் போனான்,
முதலமைச்சர் கான்வாய் மாதிரி
முப்பது அடி.

தண்ணி வண்டி உள்ளே புகுந்தது.
எல்லோரும் குடத்தின் பக்கம் திரும்பிவிட்டார்கள்.
"ரிவர்ஸ் எடு," என்றார் ஹேமநாதன்,
"உன் இடம் அந்தப் போஸ்ட்டுக்குப் பின்னால."
எடுத்தான்.

என் கழுத்து அடையாள அட்டையைப் பார்த்து
ஹார்பர் ஆபீஸ் என்று நினைத்தானோ என்னவோ,
"எத்தனாவது நம்பர்மா நானு?" என்றான்.
தெரியாது என்றேன்.
இருக்கிற இடம் இப்போது தெரிந்தாலும்
அது அடுத்த நிமிஷம் வேறு என்று
வாய் வரைக்கும் வந்தது.

வீட்டில் லேப்டாப் திறந்து
இரண்டு நாற்பது சம்பவத்துக்கு அறிக்கை எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்: பூட்டு.
தீர்வு என்ற கட்டத்தில்: தானாகச் சரியானது.
ஜன்னல் வழியே அந்த வண்டி தெரிந்தது.
கேபினுக்கு வெளியே நீட்டிய கால்,
அதில் ஒரு சாக்ஸ் மட்டும்.